கூட்டுத் தொகுப்புகளில் எழுதி வலைப்பூவுக்கு வாசகர்களைச் சேர்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவர் ஒரு தலைப்பை அறிவிப்பார். பல பதிவர்கள் அவரவர் வலைப்பூவில் அதைப் பற்றி எழுதி, சுட்டியை (லிங்க்) அவருக்கு அனுப்புவார்கள். கடைசி நாள் முடிந்ததும் அவர் எல்லாவற்றையும் ஒரே பதிவில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி அறிமுகம் எழுதி வெளியிடுவார். அடுத்த மாதம் இன்னொருவர் முறை. இதைத்தான் கூட்டுத் தொகுப்பு என்கிறேன். ஆங்கிலப் பதிவுலகில் இதற்குக் 'கார்னிவல்' என்று பெயர். 2002இல் 'கார்னிவல் ஆஃப் தி வேனிட்டீஸ்' வந்த பிறகு அறிவியல், கணக்கு, சமையல், சேமிப்பு என்று துறைக்கு ஒன்று முளைத்தது. தமிழில் இதற்கு நெருக்கமாக இருந்தது வலைச்சரம்: வாரம் ஒரு பதிவர் ஆசிரியராக உட்கார்ந்து, தான் படித்து ரசித்த பிறருடைய பதிவுகளை அறிமுகம் செய்வார். அந்தக் காலத்தில் எழுத வந்தவர்களுக்கு, தன் பெயர் அங்கே வந்த அன்று பின்னூட்டப் பெட்டி எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொகுப்பில் சுட்டி வந்த அன்று ஆள் குவியும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். மேலிருந்து கீழே ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நிலையாக உங்களைப் படிக்கப்போகிறவர்கள் தொகுத்தவரும் கூட எழுதியவர்களும்தான், ஏனென்றால் அதே தலைப்பில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அவர்கள், நீங்கள் எந்த இடத்தில் கஷ்டப்பட்டிருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும், அதோடு அவர்கள் ஒவ்வொருவருக்கும் சொந்த வாசகர்கள் இருக்கிறார்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தச் சின்னக் கூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வேலைதான்.

1. எந்த மாதிரித் தொகுப்பு என்று பாருங்கள்

பொதுவாக மூன்று வகை. முதல் வகை, மேலே சொன்னது போல ஆள் மாறி ஆள் நடத்துவது. 'டி-சீக்குவல் டியூஸ்டே' இதற்கு நல்ல உதாரணம். தரவுத்தள ஆட்கள் 2009 டிசம்பரிலிருந்து நடத்திவருவது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்தான் எழுதும் நாள். அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த மாதத்தை நடத்துபவர் அழைப்பு வெளியிடுவார். எழுதுகிறவர்கள் அந்த அழைப்புக்குச் சுட்டி கொடுத்தே ஆகவேண்டும். பிறகு அவர் எல்லாவற்றையும் தொகுப்பார். 'கார்னிவல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' 2007இல் தொடங்கியது, மாதாமாதம் வீடு மாறும். ஒவ்வொரு இதழும் அந்த இதழின் எண்ணைப் பற்றிய வேடிக்கையான கணக்குத் தகவல்களோடு ஆரம்பிக்கவேண்டும் என்று ஒரு வழக்கமும் உண்டு. இப்படிச் சின்னச் சின்ன வழக்கங்கள் இருக்கும் தொகுப்புகள்தான் நீண்டகாலம் தாங்குகின்றன என்பது என் அபிப்பிராயம். ஒரே துறைக்குள் அடங்காமல் மாதம் ஒரு தலைப்பு வேண்டும் என்றால் 2023இல் தொடங்கிய 'இண்டிவெப் கார்னிவல்' இருக்கிறது.

இரண்டாம் வகை, நிலையான ஆசிரியர் குழு உள்ள செய்திமடல். 'திஸ் வீக் இன் ரஸ்ட்' 2013லிருந்து வாராவாரம் வருகிறது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கும் அடுத்த இதழின் வரைவில் யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டுரையைச் சேர்க்கும்படி கேட்கலாம். மூன்றாம் வகை திரட்டி, அதாவது பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளம். 2004இல் வந்த தமிழ்மணம் நம் எல்லோருக்கும் தெரிந்தது. திரட்டியில் உங்கள் ஓடையை (புதுப் பதிவுகளைத் தானாக எடுத்துக்கொடுக்கும் 'ஃபீட்') ஒரு தடவை கொடுத்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். அதனாலேயே அதில் உறவு எதுவும் உருவாகாது. வாக்குச் சண்டையும் சூடான தலைப்பும்தான் மிஞ்சும். ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்ட பிறகு ஓடை படிக்கும் பழக்கமும் மெலிந்துவிட்டது.

வாசகர் சேர்க்க முதல் வகையே சிறந்தது. இரண்டாம் வகை அடுத்தது. மூன்றாவதில் பதிந்துவிட்டு மறந்துவிடுங்கள்.

தொடக்கூடாதவையும் உண்டு. இடம் தரக் காசு கேட்பவை, 'நீ எனக்கு லிங்க் கொடு நான் உனக்குக் கொடுக்கிறேன்' என்று சங்கிலி போடுபவை, ஐம்பது நிபுணர்களிடம் ஆளுக்கு ஒரு வரி வாங்கி ஒட்டுபவை. காசு கொடுத்து வாங்கும் சுட்டியில் 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' என்ற குறி இருக்கவேண்டும் என்பது கூகுளின் விதி. அளவுக்கு மீறிய சுட்டிப் பரிமாற்றத்தையும் அது ஏமாற்று வேலைகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. தேடலில் மேலே வரலாம் என்று நினைத்து இதில் இறங்குவதில் அர்த்தமில்லை.

2. உயிரோடு இருக்கிறதா?

கடைசியாக வந்த இரண்டு மூன்று தொகுப்புகளைத் திறந்து பாருங்கள். தேதி சீராக இருக்கிறதா, தொகுத்தவர் ஒவ்வொரு பதிவையும் படித்துச் சொந்தமாக எழுதியிருக்கிறாரா, அல்லது தலைப்பை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறாரா? அப்புறம், நான் முக்கியமாகப் பார்ப்பது வேறு ஒன்று. அதில் பங்கெடுத்த நாலு பேருடைய பதிவுக்குப் போய்ப் பின்னூட்டம் பாருங்கள். தொகுப்பில் கூட இருந்தவர்களின் பெயர்கள் அங்கே தென்பட்டால் அது உயிருள்ள தொகுப்பு. ஒருவர்கூட மற்றவர் வீட்டுக்குப் போகவில்லை என்றால் பெரிய தொகுப்பாகவே இருந்தாலும் விட்டுவிடலாம். நாற்பது பேர் எழுதி யாரும் யாரையும் படிக்காத தொகுப்பைவிட, எட்டுப் பேர் எழுதி எட்டுப் பேரும் சண்டை போட்டுக்கொள்ளும் தொகுப்பு மேல்.

3. அனுப்பும் முன் வீட்டைச் சரிசெய்யுங்கள்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பதிவின் இணைய முகவரியில் வரும் தமிழ் எழுத்து, நகல் எடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் குறிகளாக மாறிவிடும். ஒருங்குறியின் (யூனிகோட்) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒன்பது எழுத்து பிடிக்கும். 'வத்தக்குழம்பு' எட்டெழுத்துச் சொல்தான், ஆனால் புள்ளி, கொக்கி எல்லாம் தனிக்குறிகள் என்பதால் ஒருங்குறியில் 13, முகவரியில் 117. வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸ், முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு ஒதுக்கியிருப்பதே 200 இடம்தான். ஆகவே கொஞ்சம் நீளமான தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரி பாதியில் வெட்டுப்படும். கூகுளின் பிளாக்கரில் நேர்மாறு: முழுக்கத் தமிழில் தலைப்பு வைத்தால் அது எழுத்துகளை விட்டுவிட்டு 'பிளாக்-போஸ்ட்_14' என்கிற மாதிரி ஏதோ ஒன்றைக் கொடுக்கும். தொகுப்பாளர் இருபது சுட்டிகளை வரிசைப்படுத்தும்போது எது யாருடையது என்று அவருக்கே குழம்பும்.

தீர்வு எளிது. வெளியிடும் முன்பே நிரந்தர முகவரியை நீங்களே, ஆங்கில எழுத்தில், இரண்டு மூன்று சொல்லில் அடித்துக்கொள்ளுங்கள். தொகுப்பு வந்த பிறகு மாற்றாதீர்கள். மாற்றினால் தொகுப்பிலிருந்து வருகிறவர் வெற்றுப் பக்கத்தில் போய் முட்டுவார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'என்னைப் பற்றி' பக்கத்தில் நீங்கள் எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று இரண்டு வரியாவது இருக்கட்டும். மின்னஞ்சல் சந்தாப் பெட்டி பதிவின் முடிவில் இருக்கட்டும், பக்கவாட்டில் வைத்தால் போனில் தெரியாது. பின்னூட்டம் போட வருகிறவரிடம் போக்குவரத்து விளக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். தொகுப்புக்கு அனுப்பும் பதிவின் கடைசியில் உங்களுடைய வேறு இரண்டு பதிவுகளைக் கையால் தேர்ந்தெடுத்து, ஏன் படிக்கவேண்டும் என்று ஒரு வரியோடு கொடுங்கள். தானாக வரும் 'தொடர்புடைய பதிவுகள்' பட்டியல் பெரும்பாலும் சம்பந்தமில்லாத எதையாவது நீட்டும்.

4. தலைப்புக்கு எழுதுவது

அழைப்பை இரண்டு தடவை படியுங்கள். தொகுப்பாளர் கேட்ட கேள்வி ஒன்று இருக்கும், அதை விட்டுவிட்டுத் தலைப்புச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறவர்கள்தான் பாதிப்பேர்.

சமையல் பதிவுலகத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 2008இல் தொடங்கி 'மை லெக்யூம் லவ் அஃபேர்' என்று ஒரு மாதாந்திர நிகழ்வு பல ஆண்டுகள் நடந்தது. பருப்பு, பயறு, அவரை வகையில் எதை வைத்துச் சமைத்தாலும் அனுப்பலாம். இந்த மாதிரி அழைப்பு வந்தால் நம் ஊர்ப் பதிவர்களின் கை நேராகச் சுண்டலுக்குத்தான் போகும். சுண்டலில் தப்பில்லை, ஆனால் பத்தாவது சுண்டலுக்குத் தொகுப்பாளர் என்ன புதிதாக எழுத முடியும்? கொங்குப் பக்கம் கொள்ளுப் பயறை வேகவைத்து, வடித்த தண்ணீரில் ரசம் வைத்து, வெந்த கொள்ளைக் கடைந்து சோற்றுக்கு வைத்துக்கொள்வார்கள். ஒரு வேகலில் இரண்டு சமையல். இதை எழுதினால் தொகுப்பாளருக்கு இரண்டு வரி கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் யோசித்தால் புளியும் வெந்தயமும் நிலக்கடலையும்கூடத் தாவரவியல்படி அவரைக் குடும்பம்தான். புளிக்குழம்பையே 'இதுவும் உங்கள் தலைப்புக்குள் வரும்' என்று வாதாடி அனுப்பலாம். அந்த வாதமே பதிவின் முதல் பத்தி ஆகிவிடும்.

ஆக, எழுதும்போது மனத்தில் வைக்கவேண்டியது இதுதான்: தொகுப்பாளர் உங்கள் பதிவைப் பற்றி இரண்டு வரி எழுதியாகவேண்டும், அந்த இரண்டு வரி உங்கள் பதிவில் எங்கே இருக்கிறது? தேடியும் கிடைக்கவில்லை என்றால் அவர் 'இன்னார் அருமையாக எழுதியிருக்கிறார்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த வரியைப் படித்துவிட்டு யாரும் சொடுக்கமாட்டார்கள்.

இன்னொன்று. தொகுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் தேடலில் ஒருவர் நேராக உங்கள் பதிவுக்கு வருவார், அவருக்குத் தொகுப்பு பற்றி ஒன்றும் தெரியாது. முதல் மூன்று பத்தியும் 'இந்த மாத அழைப்பைப் பார்த்ததும்' என்று ஓடிக்கொண்டிருந்தால் அவர் போய்விடுவார். தொகுப்பைப் பற்றிய குறிப்பை ஒரே வரியில், சுட்டியோடு முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வாருங்கள். பழைய பதிவை அனுப்பலாமா என்றால், விதி அனுமதித்தால் அனுப்பலாம். ஆனால் தலைப்புக்காகப் புதிதாக எழுதியவருக்குக் கிடைக்கும் கவனம் அதற்குக் கிடைக்காது.

5. அனுப்புவது

ஒரே ஒரு பதிவு. கடைசி நாளுக்கு நாலைந்து நாள் முன்னால். சீக்கிரம் அனுப்பினால் தொகுப்பாளர் நிதானமாகப் படிப்பார், பல தொகுப்பாளர்கள் பதிவுகளை வந்த வரிசையிலேயே அடுக்கவும் செய்வார்கள். மின்னஞ்சலில் போகும் தொகுப்பாக இருந்தால் வரிசைக்கு மதிப்பு இன்னும் அதிகம்: 102 கிலோபைட்டைத் தாண்டிய மடலை ஜிமெயில் பாதியில் வெட்டி, மீதியைப் பார்க்கத் தனியாகச் சொடுக்கச் சொல்கிறது, எத்தனை பேர் சொடுக்குவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

மடல் இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். நீங்கள் அறிவித்திருக்கும் பருப்பு மாதத்துக்கு என் பதிவு இது. கொள்ளை ஒரே தடவை வேகவைத்து ரசமும் கடைசலும் செய்யும் கொங்குப் பக்கத்து முறை. ஊறவைக்கும் நேரம், அளவு எல்லாம் பதிவில் இருக்கின்றன. படத்தை இணைத்திருக்கிறேன், நான் எடுத்ததுதான், தாராளமாகப் பயன்படுத்துங்கள். பெயரோடு வலைப்பூவின் பெயரையும் சேர்த்துப் போட்டால் மகிழ்ச்சி. போன மாதத் தொகுப்பில் மொச்சைப் பதிவைத் தேடிப்பிடித்துச் சேர்த்திருந்தீர்கள், அதற்கும் நன்றி."

அந்தக் கடைசி வரி முகஸ்துதி மாதிரி தோன்றலாம். உண்மையாகவே படித்திருந்தால் மட்டும் எழுதுங்கள், படிக்காமல் எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடும். முழுப் பதிவையும் மடலில் ஒட்டாதீர்கள். தொகுப்பாளர் உங்கள் பதிவை முழுதாகத் தன் தளத்தில் போட்டுக்கொள்ளக் கேட்டால், பணிவாக மறுத்துவிட்டு ஒரு பத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுதும் அங்கேயே கிடைக்கும்போது உங்களிடம் யார் வருவார்கள்?

6. தொகுப்பு வந்த வாரம்

உண்மையான வேலை இந்த வாரத்தில்தான் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். தொகுப்பில் உள்ள அத்தனை பதிவையும் படியுங்கள். இருபது பதிவு என்றால் ஒரு நாளைக்கு நாலு படித்தாலும் வாரத்துக்குள் முடிந்துவிடும். படித்த இடத்தில் பின்னூட்டம் போடுங்கள், 'அருமை', 'நல்ல பகிர்வு', 'தொடருங்கள்' வகையறா வேண்டாம். தமிழ்ப் பதிவுலகத்தைத் தேய்த்ததில் இந்த மூன்று சொல்லுக்கும் பங்கு உண்டு என்று எனக்கு ஒரு சந்தேகம். பதிவில் உள்ள ஒரு குறிப்பிட்ட விஷயத்தைத் தொட்டுக் கேளுங்கள்: "கொள்ளை எத்தனை மணி நேரம் ஊறவைத்தீர்கள்? எங்கள் வீட்டில் வறுத்துவிட்டுத்தான் வேகவைப்போம், அப்போது இவ்வளவு நேரம் தேவைப்படுவதில்லை." இப்படி ஒரு பின்னூட்டம் வந்தால் எழுதியவர் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லிவிட்டு யார் இந்த ஆள் என்று உங்கள் பெயரைச் சொடுக்காமலும் இருக்க முடியாது. உங்கள் சுட்டியைப் பின்னூட்டத்தில் நீங்களே ஒட்டவேண்டிய தேவையே இல்லை.

கிட்டத்தட்ட மொய் எழுதுவது மாதிரிதான். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எல்லோருடைய மனத்திலும் ஒரு நோட்டு இருக்கிறது. வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பதிவுக்கு வரும் பின்னூட்டத்துக்கு அன்றே பதில் போடுங்கள். தொகுப்புக்கு உங்கள் பதிவிலிருந்து சுட்டி கொடுங்கள். அதைவிட நல்லது, அடுத்த வாரம் வேறு எதையாவது எழுதும்போது தொகுப்பில் படித்த ஒருவருடைய கருத்தை எடுத்து, ஒத்துப்போய் அல்லது மறுத்து எழுதி, அவருக்குச் சுட்டி கொடுப்பது. இதை ஒரு நல்ல பதிவர் எப்படியும் கவனித்துவிடுவார்.

7. பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

தொகுப்பு வந்த அன்றைய பார்வை எண்ணிக்கையைப் பார்த்து மகிழவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். ஒரு மாதம் கழித்து இரண்டைப் பாருங்கள்: சந்தா எத்தனை கூடியிருக்கிறது, தொகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் உங்களுடைய அடுத்த பதிவுக்கும் வந்திருக்கிறார்கள். மூன்று பேர் வந்திருந்தால்கூட நல்ல அறுவடை.

வலைப்பக்கத்தில் வரும் தொகுப்பிலிருந்து வந்தவர்களைப் புள்ளிவிவரப் பக்கமே பெரும்பாலும் காட்டிவிடும். மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் இருந்து வருகிறவர்கள் 'நேரடி வருகை' என்ற கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அங்கே மட்டும் யு.டி.எம். ஒட்டு (எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் வால்) சேர்த்த சுட்டியை அனுப்பலாம். மற்ற இடங்களில் வால் நீண்ட சுட்டியை அனுப்பினால் தொகுப்பாளர் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருக்கவேண்டும்.

மூன்று நான்கு தடவை ஒரே தொகுப்பில் எழுதியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

8. நீங்களே நடத்துங்கள்

சில தடவை பங்கெடுத்த பிறகு 'அடுத்த முறை நான் நடத்தட்டுமா?' என்று கேளுங்கள். எந்தத் தொகுப்பிலும் நடத்த ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு, அதனால் பெரும்பாலும் உடனே சரி என்பார்கள். பங்கெடுக்கும்போது உங்கள் சுட்டி இருபதில் ஒன்று. நடத்தும்போது அந்த இருபது பேரும் உங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வருகிறார்கள், அழைப்பைப் படிக்க ஒரு தடவை, தொகுப்பைப் பார்க்க ஒரு தடவை. விதி அப்படி இருந்தால் இருபது பேரும் தங்கள் பதிவிலிருந்து உங்களுக்குச் சுட்டியும் கொடுப்பார்கள்.

தலைப்பு வைப்பதில்தான் சூட்சுமம். ரொம்ப அகலமாக வைத்தால், உதாரணமாக 'உணவு' என்றால், என்ன எழுதுவது என்று திகைத்து எழுதமாட்டார்கள். ரொம்பக் குறுகலாக வைத்தால் எழுத ஆள் இருக்காது. 'டி-சீக்குவல் டியூஸ்டே'யின் முதல் தலைப்பு தேதியும் நேரமும் பற்றியது. அந்தத் துறையில் வேலை பார்க்கும் எல்லோரும் ஒரு நாளாவது அதில் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொருவர் பிய்த்துக்கொண்ட காரணமும் வேறு. அப்படி இருக்கவேண்டும். 'அம்மா அளவே சொல்லாமல் சொல்லிக்கொடுத்த ஒரு சமையல்' என்றால் பத்துப் பேராவது எழுதுவார்கள்.

அழைப்பில் கடைசி நாள், அனுப்பவேண்டிய முகவரி, பழைய பதிவு ஏற்பீர்களா, எந்த மொழி, தொகுப்பு வெளிவரும் நாள் ஆகிய அனைத்தும் இருக்கட்டும். வந்த ஒவ்வொரு பதிவுக்கும் 'கிடைத்தது' என்று ஒரு வரி பதில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கடைசி நாள் இரவு 'என்னுடையது வந்ததா?' என்று மடல் குவியும். வர வரப் படித்து, அன்றே அந்த இரண்டு வரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் பாதிப்பேர் அனுப்புவார்கள், எல்லாவற்றையும் அன்று இரவே எழுத உட்கார்ந்தால் கடைசிப் பத்துப் பேருக்கு அநியாயம் நடக்கும்.

தொகுப்பை வந்த வரிசையில் அடுக்காமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேச்சு நகரும்படி அடுக்குங்கள். ஒருவர் வறுத்து வேகவை என்கிறார், இன்னொருவர் கூடவே கூடாது என்கிறார் என்றால் அவர்களை அடுத்தடுத்து வையுங்கள், மீதியைப் பின்னூட்டத்தில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வெளியிட்டதும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மடல் அனுப்புங்கள். எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி ஒரே மடலாக அனுப்பாதீர்கள். ஒருநாள், இருநாள் தாமதமாக வந்ததை 'பிந்தி வந்தவை' என்று அடியில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்து வந்ததை அடுத்த மாதம் நடத்துபவருக்குக் கைகாட்டிவிடுங்கள்.

9. தமிழில் தொகுப்பு கிடைக்கவில்லை என்றால்

தொடங்கிவிடுங்கள், ஐந்து பேர் போதும். ஒவ்வொருவரும் ஒரு மாதம் நடத்துவது என்று ஆறு மாத அட்டவணையை முதல் நாளே போட்டுவிட்டு, ஆறாவது மாதத்தைக் காலியாக வையுங்கள், இடையில் சேருகிறவருக்கு அது. பேச்செல்லாம் வாட்ஸ்அப் குழுவில் நடக்கட்டும், ஆனால் பதிவும் தொகுப்பும் வலைப்பூவில்தான் இருக்கவேண்டும். குழுவிலோ பேஸ்புக்கிலோ எழுதிக் கொட்டினால் அடுத்த வருடம் தேடினாலும் அகப்படாது. எல்லாத் தொகுப்புகளுக்கும் சுட்டி கொடுக்கும் ஒரு பக்கத்தை ஐவரில் ஒருவர் தன் வலைப்பூவில் வைத்துப் பராமரிக்கட்டும், மற்ற நால்வரும் அதற்கு ஓரத்தில் ஒரு சுட்டி வைத்துக்கொள்ளட்டும். புதிதாக ஒருவர் முதல் தடவை எழுதினால் அவருக்குத்தான் எல்லோரும் முதலில் பின்னூட்டம் போடவேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், அவர் இரண்டாவது தடவையும் எழுத வாய்ப்பு அதிகம். கடைசி நாளை ஞாயிறு இரவாக வையுங்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு எழுத சனி, ஞாயிறு இரண்டு நாள்தான் கிடைக்கிறது. பொங்கல் வாரத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் மட்டும் வைக்காதீர்கள், ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து யாரும் பதிவு எழுதமாட்டார்கள்.